நாலு இருபதுக்கு எரிந்த விளக்கு

பழுது நீக்கிய வண்டியில் விளக்கு எரியக் கூடாது. இருபத்திரண்டு வருட மெக்கானிக் தொழிலில் மோகனசுந்தரம் கற்றுக்கொண்ட ஒரே வேதம் அதுதான். ஆனால் புதன்கிழமை சாயங்காலம், ஷெட்டில் நின்றிருந்த ரமேஷ்குமாரின் பழைய ஹைபிரிட் காரில், டேஷ்போர்டின் நடுவே சிவப்பு முக்கோணம் எரிந்தது. வண்டி ஓடவில்லை. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. ஆடிக் காற்று தென்னை ஓலைகளைப் போட்டு அலைக்கழித்து, தகரக் கூரையில் காய்ந்த குரும்பைகள் விழுந்து உருண்டுகொண்டிருந்த அந்த நேரத்தில், இருட்டான கண்ணாடிக்கு உள்ளே அந்த முக்கோணமும் அதற்குள் நின்ற ஆச்சரியக்குறியும் மட்டும் தெரிந்தன. கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறப்பதற்குள் அணைந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது.

“எங்கியோ ஒயரு லூசு,” என்று வாய்விட்டுச் சொன்னான். வாய்விட்டுச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீரும் என்பார்கள். அவனுக்குக் கால்வாசிகூடத் தீரவில்லை.

வண்டி வந்தது திங்கட்கிழமை. மீனாட்சிபுரத்திலிருந்து ரமேஷ்குமாரே ஓட்டிக்கொண்டு வந்தான். வந்தவன், பொள்ளாச்சி ரோட்டிலிருந்து மோகனசுந்தரத்தின் வீட்டுக்கு மண்தடம் பிரிகிற இடத்திலேயே நிறுத்திவிட்டான். வீடும் ஷெட்டும் ஒரே வாசல்தான். உள்ளே வந்து ஒரு வாய் காப்பி குடிக்காமல் அவன் போனதே கிடையாது. அன்று சாவியைக்கூடக் கையில் தராமல் பானெட் மேல் வைத்தான்.

“அவசரம் மாப்ள. வெளக்கு சும்மா சும்மா எரியுது, அணையுது. நீயே பாரு. உன்ற கையாலயே பாரு. வேற ஆரையும் தொட வுடாதே.”

“என்ற ஷெட்டுல என்னை வுட்டா வேற ஆருடா இருக்கறாங்க மச்சான்?” என்று மோகனசுந்தரம் சிரித்தான்.

ரமேஷ்குமார் சிரிக்கவில்லை. மகள் சோனாவுக்குச் சுகமில்லாத கவலை என்று இவன் நினைத்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பெண். சித்திரையிலிருந்து பேச்சில்லை, சோறில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்தே இருந்தாள். பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது என்றார்கள், பிள்ளைதான் நன்றாக இல்லை.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மோகனசுந்தரத்தின் அப்பா இறந்தபோது, கொள்ளிச்சட்டியோடு கால் துவண்டு நின்றவனை மயானம் வரை தாங்கிப்போனவன் ரமேஷ்குமார். மோகனசுந்தரத்தின் மனைவி ஜீவிதாவுக்கு உடன்பிறந்தான் இல்லை. அதனால் மகள் ஆர்த்திக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறைக்கு மடியில் உட்காரவைத்துக்கொண்டவனும் அவன்தான். குழந்தை வீறிட்டபோது இவனைவிட அவன்தான் அதிகம் அழுதான். அன்றிலிருந்து ‘மச்சான், மாப்ள’ என்பது வெறும் விளிப்பாக இல்லாமல் உறவாகிவிட்டது. அவன் சொன்னால் கிணற்றிலும் குதிக்கலாம் என்று மோகனசுந்தரம் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

திங்கட்கிழமையே ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். அது சொன்னது எளிய விஷயம். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெரிய பேட்டரி சூடாகிறது, அதைக் குளிர்விக்கும் ஃபேனுக்குக் காற்று போதவில்லை. எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கிவிடும். பின்சீட்டைக் கழற்றி, ஓரத்து வலைமூடியை எடுத்து, காற்று போகும் குழாய்க்குள் டார்ச் அடித்தான். உள்ளே மஞ்சள் துணியும் முடியுமாக ஏதோ அடைத்திருந்தது. குறடு போட்டால் கிழிந்து உள்ளே போய்விடும் என்று கையை விட்டே எடுத்தான். முழங்கை வரை உள்ளே போன கையில் எண்ணெய்ப் பிசுக்கு. சூடம் எரிந்த வாசனையும் பழைய எலுமிச்சை வாசனையும் கலந்து வந்தன. தோப்பு வீட்டு வண்டியில் எலி கூடு கட்டுவது புதிதா என்ன? வீட்டுக்குப் பின்னால் தேங்காய் மட்டை போடும் குழியில் வீசிவிட்டு, கை கழுவிக்கொண்டு போன் செய்தான்.

“எலிக்கூடு மச்சான். ஃபேன அடச்சிருந்துச்சு. எடுத்தாச்சு.”

“கையாலயா எடுத்தே?”

“பின்னே காலாலயா எடுப்பாங்க?”

அந்தப் பக்கம் ரமேஷ்குமார் அழுவது கேட்டது. வண்டியை நாலு நாள் வைத்திருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் தா, அவசரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். மறுநாள் காலையிலேயே அவனுடைய அம்மா சரஸ்வதியம்மாள் போன் செய்தாள். சோனா எழுந்து உட்கார்ந்து மூன்று இட்லி தின்றாளாம். “உன்ற கைராசி மோகனு,” என்றாள். மோகனசுந்தரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜீவிதா அன்று பாயசமே வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்த நாலு இருபது.

வியாழக்கிழமை நாலு இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை மறுபடி நாலு இருபது. வந்து வந்து போகிற பழுதைப் பிடிக்க அவனிடம் ஒரு முறை உண்டு. ஒரு அட்டையில் நேரம், வெயில், ஓடிய தூரம், என்ன போட்டிருந்தது, என்ன அணைத்திருந்தது என்று எழுதிக்கொண்டே வருவான். மூன்று நாளில் பழுது தானே வந்து கையை நீட்டும். பழைய ஹைபிரிட்களில் வண்டியை எழுப்புகிற சின்ன பேட்டரி சோர்ந்தால் இல்லாத விளக்கெல்லாம் எரியும் என்பதால் புது பேட்டரி மாட்டினான். எர்த் ஒயரைச் சுரண்டி இறுக்கினான். காலையில் கொல்லங்கோடு வரை ஓட்டிப் போய் வந்தான். நெல்லியாம்பதி மலை நீலமாய்த் தெரிந்த அந்த நீண்ட ரோடு முழுக்க, ஒரு விளக்குகூட எரியவில்லை. வண்டி பூனையாட்டம் சத்தமில்லாமல் ஓடியது. வீட்டு ஷெட்டில் நின்றால்தான் எரிந்தது. எரியும்போது ஸ்கேனரை மாட்டினால், திரையில் ‘பழுது ஏதுமில்லை’ என்று வந்தது.

சனிக்கிழமை நாலு இருபதுக்கு அவன் வண்டிக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். எரியவில்லை. நாலரை ஆயிற்று. எரியவில்லை. அட்டையைப் பார்த்தான். அன்று எரிந்தது ஒரே தடவை, காலை பதினொன்று ஐந்துக்கு. பதினொன்று ஐந்துக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஆர்த்தி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை.

மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் அவளை வாசலில் இறக்கிவிடும் நேரம் நாலு இருபது.

அட்டையைக் கவிழ்த்து வைத்தான். சே, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனால் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்காமல் விட்டால் அவன் மெக்கானிக் இல்லை. அந்தத் தொழில்புத்திதான் அன்று அவனைக் கெடுத்தது.

“அம்முணி, இங்க வா. மெதுவா நடந்து வா.”

ஆர்த்தி வீட்டு நடையிலிருந்து இறங்கினாள். எட்டு வயது, இரட்டைப் பின்னல், நிற்காத வாய். அவள் நடையில் நின்றவரை டேஷ்போர்டு இருட்டாக இருந்தது. துவைக்கிற கல்லைத் தாண்டினாள். முக்கோணம் எரிந்தது. “நில்லு சாமி. பின்னால போ.” பின்னால் போனாள். அணைந்தது. “இப்ப வா.” எரிந்தது. அவளுக்கு விளையாட்டு என்று நினைப்பு. சிரித்துக்கொண்டே ஓடி வந்து கார்க் கதவைத் தொட்டாள். முக்கோணத்தோடு பேட்டரி விளக்கு, இஞ்சின் விளக்கு, பிரேக் விளக்கு, அந்த டேஷ்போர்டில் இருக்கிறதென்று அவனுக்கே தெரியாத விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. பின்சீட்டில் ஃபேன் ஓடத் தொடங்கியது.

சாவி அவன் பையில். புதிதாக மாட்டிய பேட்டரியின் ஒயரை அவன் காலையிலேயே கழற்றி வைத்திருந்தான்.

ஆர்த்தி சிரிப்பை நிறுத்திவிட்டாள். கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டாள்.

“அப்பா, உள்ள ஆரோ மூச்சு இழுக்கறாங்கப்பா.”

அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான்.

அன்றிரவு ஆர்த்தி சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தவள் பல் துலக்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, டிவி போடவில்லை. கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். ஜீவிதா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

“ஏனுங்க, புள்ள ஒரு மாதிரி இருக்கறாளுங்க.”

மோகனசுந்தரம் பின்பக்கம் போய் மட்டைக் குழிக்குள் இறங்கினான். அந்த மஞ்சள் துணி கிடைத்தது. எலி கடித்த அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை. நாலு மூலையும் சேர்த்து மூன்று முடிச்சு போட்டிருந்தது. எந்த எலி முடிச்சு போடும்? ஒரு குச்சியால் பிரித்தான். உள்ளே குங்குமம் தடவிக் காய்ந்த எலுமிச்சை, கரி, நகத் துணுக்குகள், ஒரு சிறு பெண்ணின் நீளமான கூந்தல்.

கழிப்பு. நோயாளியின் தலையை மூன்று தரம் சுற்றி, பிடித்திருப்பதை எல்லாம் துணியில் இறக்கி, முச்சந்தியில் வைத்துவிடுவது. தாண்டுகிறவன் தலையில் அது ஏறும். ரோட்டில் ஒரு எலுமிச்சம்பழம் கிடந்தால் பத்தடி தள்ளி வண்டியை ஒடித்துத் திருப்புகிறவன் மோகனசுந்தரம். அவன் அம்மா அவனுக்குப் பால் புகட்டும்போதே புகட்டிய புத்தி அது. அப்படிப்பட்டவன் முழங்கை வரை கையை விட்டு, தானே எடுத்திருக்கிறான். மச்சான் வண்டியில் இருந்ததால் எடுத்தான். வேறு எவன் வண்டியில் இருந்தாலும், அந்த மஞ்சளைப் பார்த்ததுமே கை தானே பின்னால் வந்திருக்கும்.

பதினோரு தடவை போன் செய்தான். ரமேஷ்குமார் எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல், பேட்டரி ஒயரை மறுபடி மாட்டி, அந்த வண்டியிலேயே ஏறி மீனாட்சிபுரம் போனான். வழி நெடுக டேஷ்போர்டு சுத்தமாக இருந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. வண்டியில் இப்போது ஒன்றும் இல்லை. வண்டியில் இல்லையென்றால், அது வீட்டில் இருக்கிறது.

ரமேஷ்குமாரின் தோப்பு வீட்டு இரும்புக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே, களத்தில், சோனா சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, வியர்த்து, வட்டம் வட்டமாக. தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். மோகனசுந்தரத்தைப் பார்த்து “மாமா!” என்று கையாட்டினாள். ஒரு நொடி, அந்தச் சிரிப்பைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்து அப்புறம் அவனுக்கு வயிறு எரிந்தது.

ரமேஷ்குமார் கேட் வரைக்கும் வந்தான். பூட்டைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“கேட்டத் தொற மச்சான்.”

“அங்கியே நில்லு மாப்ள.”

“சாவியப் புடி.”

அவன் இரண்டடி பின்னால் போனான். மோகனசுந்தரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடவே இருந்து குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். அதை இத்தனை நாள் மற்றவர் வீட்டுக் கதையாகவே கேட்டுக்கொண்டிருந்தான்.

“என்னதுடா அது?”

“தெரியல. சித்திரையில ஒரு நா மத்தியானம் அவ வண்டிக்குள்ள தூங்கிட்டா. எந்திரிச்சதுல இருந்து அப்படித்தான்.” ரமேஷ்குமார் களத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். “முச்சந்தியில மூணு தடவ வெச்சோம். ஒருத்தனும் தாண்டல. எல்லாரும் சுத்திட்டுப் போறாங்க. அப்பறந்தான் பூசாரி சொன்னாரு. நம்பி எடுக்கற கை ஒண்ணு வேணும், சந்தேகமே இல்லாம எடுக்கோணும்னு.”

“அதுக்கு நாந்தான் கெடச்சனா?”

“என்னை அத்தன நம்பறவன் வேற ஆரு இருக்கறாங்க மாப்ள?”

தென்னைகளுக்கு மேலே காற்று உறுமிக்கொண்டு போனது. சைக்கிள் மணி அடித்தது.

“எனக்கு ஒரே புள்ளைடா,” என்றான் ரமேஷ்குமார்.

“எனக்கும் ஒண்ணுதான்டா. உன்ற மடியில வெச்சுத்தான்டா அவளுக்குக் காது குத்துனோம்.”

“உன்ற மேலதான் வரும்னு நெனச்சேன் மாப்ள. சத்தியமா.”

“பெரியவங்ககிட்ட நிக்காதுன்னு பூசாரி சொல்லலியா?”

ரமேஷ்குமார் தரையைப் பார்த்தான். சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் சாவியை பானெட் மேல் வைத்திருக்கிறான். தெரிந்தேதான் போனில் அழுதிருக்கிறான். ஆறாம் வகுப்புப் பெஞ்சு, கொள்ளிச்சட்டி, காதுகுத்து, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இவன் எடுப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். மோகனசுந்தரத்துக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. அவ்வளவுதான்.

“மாப்ள,” ரமேஷ்குமார் குரலைத் தாழ்த்தினான். “உன்னை நம்பறவங்க ஆராச்சும் இருப்பாங்கல்ல. பிஞ்சு இருக்கற வீடாப் பாத்து...”

மோகனசுந்தரம் சாவியைக் கேட்டுக்கு அடியில் எறிந்துவிட்டு நடந்தான். பின்னால் ரமேஷ்குமார் சோனாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பால் கேன்களும் மாட்டுத்தீவன மூட்டைகளுமாகக் கூட்டம். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் ஞானஜோதியின் முகம் மனதில் வந்தது. ஸ்கூட்டர் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு என்ன ஏது என்று கேட்காமல் போகிறவள். இரண்டு பையன்கள். பெரியவனுக்கு ஆறு வயது. நான் ஏன் அவர்கள் வயதை நினைக்கிறேன்? முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான். சீ, நான் அவன் இல்லை. நான் அவன் இல்லை. ஆனால் நினைப்பு நிற்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்னும் இரண்டு பெயர்கள் சேர்ந்திருந்தன.

வீட்டில் விளக்கு வைத்தாகிவிட்டது. காற்றுக்குப் பயந்து ஜீவிதா கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தாள். அவன் குரல் கேட்டுத் திறந்தவளின் முகத்தில் நிம்மதி.

“வந்துட்டீங்களா. இனிக் கொழப்பமில்லீங்க. பொழுதோட ஒரு வார்த்த பேசுனா. ‘அப்பா வர்றாங்களா’ன்னு. அப்படியே படுத்துத் தூங்கிட்டா. நல்லாத்தான் மூச்சு வர்றாப்புல இருக்குது. நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லீட்டீங்கன்னா எனக்குத் தெம்பு.”

மறுபடி தாழ் போட்டாள். கூடம் அமைதியாக இருந்தது. பாயில் ஆர்த்தி மல்லாந்து படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் வலி இல்லை. அழகாகத்தான் இருந்தாள்.

அவன் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். மார்பு உயர்ந்தது. தாழட்டும் என்று காத்திருந்தான்.

உயர்ந்தது.

இன்னும் உயர்ந்தது.

வாய்க்கு எதிரில் உள்ளங்கையைப் பிடித்தான். வெதுவெதுப்பாக ஒன்றும் வெளியே வரவில்லை. கையைத் தாண்டி, சில்லென்று, காற்று உள்ளே போனது. நிற்கவில்லை. பத்து எண்ணினான். இருபது. முப்பது. அவளுடைய நெற்றி முடி பிரிந்து வாயை நோக்கி வளைந்தது. பாய் ஓரத்தில் கிடந்த ஒரு காகிதத் துண்டு நகர்ந்தது. சாமி படத்துக்குக் கீழே விளக்குச் சுடர் படுத்துவிட்டது. அசையவில்லை. கூடத்தின் இந்தக் கோடிக்கு, குழந்தையின் வாய்க்கு நேராக, நீண்டு நின்றது.

மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

“ஏனுங்க,” ஜீவிதா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். “நல்லாத்தானுங்க தூங்கறா?”